சவரிமுத்து அண்ணனின் ரைபிளும் அதன் போல்ட்டும்

மலாயாவில் ஜப்பான்காரர்கள் காலத்தில், சுங்கைப் பட்டாணி போலீஸ் நிலையத்தின் முன்தாழ்வாரத்தில் வைத்து, ஒரு மனிதரை நான் காட்டிக்கொடுத்தேன். அவர் பெயர் சவரிமுத்து. நான் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. ஒரு வேட்டை ரைபிளைப் பற்றி நிறைவான, சரியான ஒரு வாக்கியம் சொன்னேன். அதனால் அவருடைய வலது கை வீணாயிற்று. பிறகு அவர் சயாம் காட்டுக்கும் போகவேண்டி வந்தது.

இதை இப்போது எழுத நேர்ந்ததற்குக் காரணம் நான் வேலை பார்த்த துப்பாக்கிக் கடைதான். அங்கே இன்று பொறுப்பில் இருக்கும் தம்பி சென்ற மாதம் வீட்டுக்கு வந்தார். வாங்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்களாம்: எந்த ரைபிளை எடுப்பது, நாளைக்கு விற்றால் போட்ட விலை வருமா? "நீங்கதான் அங்கிள் எழுதணும். கண்ணாடி போட்டுக் கடைச் சுவத்துல மாட்டிடுறேன்" என்றார். உட்கார்ந்தேன். இரண்டாவது பத்தியிலேயே சவரிமுத்து அண்ணன் வந்து நின்றுகொண்டார். அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு எழுத எனக்கு வரவில்லை. மாட்டுவதா வேண்டாமா என்பதைத் தம்பியே முடிவு செய்துகொள்ளட்டும்.

ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு முடித்த கையோடு அந்தக் கடையில் சேர்ந்தேன். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் அப்பாவுக்கு அதில் வருத்தம். ஆபீஸ் நாற்காலியில் உட்காரவேண்டிய பையன் எண்ணெய்த் துணியோடு நிற்கிறானே என்பார். எனக்கோ அந்த எண்ணெய் வாசனைதான் பிடித்திருந்தது. இன்றும் எங்காவது அந்த வாசனை வந்தால், கதவைத் திறந்ததும் வரிசையாக நிற்கும் துப்பாக்கிகளும் அவற்றின் முன்னே வெள்ளை பனியனோடு நிற்கும் தவுக்கேயும் கண்ணுக்குள் வந்துவிடுகிறார்கள்.

தவுக்கே, அதாவது கடை முதலாளி, ஹொக்கியன் சீனர். தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார். துப்பாக்கி வாங்க வந்தவரிடம் அவர் முதலில் விலையைச் சொல்லமாட்டார். கையில் ஒன்றைக் கொடுத்து, "கண்ணு மூடு. தோள்ல வை. இப்ப தொற. என்னா தெரியுது?" என்பார். கண்ணைத் திறக்கும்போது குழல்மேல் உள்ள பின்குறியும் முன்குறியும் ஒரே கோட்டில் நின்றால், தோளில் பதியும் அந்த மரக்கட்டை அந்த உடம்புக்கு அளவானது. குறிகள் விலகி நின்றால், எவ்வளவு பணம் வைத்திருப்பவராக இருந்தாலும், "இது உங்கது இல்லலா. வேற ஆளுது" என்று திரும்ப வாங்கிக்கொள்வார். வாங்குகிறவருக்குக் கோபம் வரும். மறுவாரம் அவரே நண்பரையும் கூட்டிக்கொண்டு வருவார்.

குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்க்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். உள்ளே சுற்றிச் சுற்றிப் போகும் வரிகள் கூர்மையாக, குளத்துத் தண்ணீர்போல் பளபளவென்று தெரியவேண்டும். குழலின் வாய் விளிம்பில் விரல் வைத்துத் தடவினால் ஒரு நெருடலும் இருக்கக்கூடாது. அங்கே சின்னதாக அடிபட்டிருந்தாலும் குண்டு வழிதவறும். அடுத்தது போல்ட். தோட்டாவை உள்ளே தள்ளி, பின்னால் பூட்டிப் பிடித்துக்கொள்ளும் இரும்புத் தண்டு அது. நல்ல ரைபிளில் உடம்பில் வெட்டியிருக்கும் எண்ணும் போல்ட்டில் வெட்டியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கும். ஒன்றுக்கென்றே மற்றொன்றைத் தேய்த்துப் பொருத்தியிருப்பார்கள். எண் மாறியிருந்தால் விலை பாதியாகிவிடும். பூட்டு சரியாகப் பிடிக்காமல் சுடுகிறவன் முகத்திலேயே வெடிக்கவும் கூடும். அதனால் ரைபிளைக் கையில் வாங்கியதும் என் கண் தானாக அந்த இரண்டு எண்களுக்குப் போகும். இன்றும் போகிறது.

சவரிமுத்து அண்ணன் திகாம் பத்துப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பன்றி சுடுகிறவராக இருந்தார். இளம் பால்மரங்களைக் காட்டுப்பன்றி கிண்டிப் போடும். அதற்காகத் துரை அவருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தார். அதுவரை தோட்டத்துப் பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கியை வைத்துச் சமாளித்தவர், சொந்தமாக ஒன்று வேண்டும் என்று கடைக்கு வந்தார். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் விட்டுப்போன ஜெர்மன் ரைபிள் ஒன்று அப்போது எங்களிடம் இருந்தது. அதை அவர் தோளில் வைத்துக் கண்ணைத் திறந்தார்.

"என்ன அண்ணே தெரியுது?"

"பன்னி தெரியுது தம்பி" என்றார்.

தவுக்கே சிரித்துவிட்டார். நான் இரண்டு எண்களையும் அவருக்குக் காட்டினேன். "இது ரெண்டும் எப்பவும் ஒத்திருக்கணும் அண்ணே. ஒத்திருக்கிற வரைக்கும் இது விலை இறங்காது." அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. எண்களை விரலால் தடவித் தடவி மனத்தில் வாங்கிக்கொண்டார். தவுக்கே மட்டும் ஒரு எச்சரிக்கை சொன்னார்: "ஜெர்மன் சாமான். தோட்டா அங்கேருந்துதான் வரணும். மொதல்ல தோட்டா கெடைக்குமா பாரு, அப்புறம் துப்பாக்கி பாரு." அண்ணன் காதில் அது ஏறவில்லை. மனைவி ஆரோக்கியம் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தது அந்த ரைபிளுக்காகத்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

அந்த நாட்களை நினைத்தால் இனிக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சைக்கிளில் அந்தத் தோட்டத்துக்குப் போவேன். எண்ணெய் போட்டுப் பார்ப்பதாகப் பெயர். உண்மையில் பன்றிக்கறிக்குத்தான். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்கு நடுவே மரத்தடியில் வாழை இலை விரித்து அண்ணன் பங்கு போடுவார். யார் வீட்டில் பிள்ளை பெற்றிருக்கிறது, யார் காய்ச்சலில் படுத்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் பங்கு. "துப்பாக்கிக்கடைத் தம்பிக்கு என்னா பங்கு?" என்று யாராவது வம்புக்குக் கேட்டால், "அவன் வாய்க்கு வாலுதான்" என்பார். ஆனால் தொடைக்கறி எனக்கென்று தனியாக இருக்கும்.

பிறகு ஜப்பான்காரர்கள் வந்தார்கள். துரை தெற்கே ஓடிப்போனார். தவுக்கே கடையைப் பூட்டிவிட்டு எங்கோ தலைமறைவானார். பொதுமக்களிடம் இருக்கும் துப்பாக்கிகள் எல்லாம் போலீஸ் நிலையத்தில் வந்து சேரவேண்டும் என்று தண்டோரா போட்டார்கள். ஒளித்து வைத்தால் தலை போகும். கடையில் வேலை பார்த்தவன் என்று என்னை வீட்டிலிருந்து அழைத்துப் போனார்கள். வந்து சேரும் துப்பாக்கிகளைப் பார்த்துத் தரம் பிரிக்கவேண்டும். அதற்கு அரிசி உண்டு. ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்த நேரம் அது.

எனக்கு மேலே இருந்த அதிகாரி சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. மெலிந்த மனிதர். துப்பாக்கியைத் தொடுமுன் வெள்ளைக் கையுறையைக் கழற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து மேசையில் வைப்பார். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொள்வார். ரைபிளைக் குழந்தையை வாங்குவதுபோல் இரு கைகளாலும் வாங்குவார். உடைந்த மலாயில்தான் என்னோடு பேசுவார். நான் ஒரு குறையைக் கண்டுபிடித்துச் சொன்னால், தானும் பார்த்துவிட்டு, "பாகுஸ்" என்று மெல்லத் தலையசைப்பார். நல்லது என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்காக நான் காத்திருக்கத் தொடங்கினேன். தவுக்கே ஒருநாளும் என்னைப் பாராட்டியதில்லை. இதைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது.

அவருக்கும் வேட்டைப் பித்து உண்டு. குவியலில் இருந்து தனக்கென்று ஒரு நல்ல வேட்டை ரைபிளைத் தேர்ந்து தரச் சொல்லியிருந்தார். கடையின் தோட்டா இருப்பும் அவர் கைக்கு வந்துவிட்டது. அதில் ஜெர்மன் தோட்டாப் பெட்டிகளும் இருந்தன.

சவரிமுத்து அண்ணன் வரிசையில் நின்று அந்த ரைபிளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. தெரிந்தவன் இருக்கிறானே என்ற நிம்மதி. நான் ரைபிளை எடுத்தேன். கட்டையில் ஒரு கீறல் இல்லை. குழல் உள்ளே கண்ணாடி. பிறகு என் கண் போல்ட்டுக்குப் போயிற்று. எண் வேறு.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. துரையின் பங்களாவில் அதே வகை ரைபிள் ஒன்று குழல் துருவேறி உதவாமல் கிடந்தது எனக்குத் தெரியும். அதன் போல்ட்டை எடுத்து இதில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். தன்னுடைய போல்ட்டை எங்கோ பத்திரப்படுத்தியிருக்கிறார். யாரையும் சுட அல்ல. சண்டை முடிந்து ரைபிள் திரும்பக் கிடைத்தால் இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம், விலை இறங்காது. அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் தலையை மிகமிக லேசாக, வேண்டாம் என்று ஆட்டினார்.

அதிகாரி கையுறையைக் கழற்றினார். ரைபிளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இது நல்லதா?" என்று என்னைக் கேட்டார்.

பல வருடங்கள் இதற்குப் பயம்தான் காரணம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எண் மாறிய போல்ட்டோடு அவர் சுட்டு, அது முகத்தில் வெடித்தால் என் தலை இருக்காது என்ற பயம் இருந்தது உண்மை. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து சுலபம். "இது கெட்டது, குழல் தேய்ந்தது, வேறு பாருங்கள்" என்று ஒரு பொய் போதும். அவர் அதை மற்றக் குப்பையோடு போட்டிருப்பார். அந்தப் பொய் என் வாயில் வரவில்லை. நான் பார்த்ததிலேயே மிக நல்ல ரைபிளைக் கெட்டது என்று சொல்ல, அதுவும் துப்பாக்கி தெரிந்த ஒருவர் முன்னால் சொல்ல, எனக்கு மனம் வரவில்லை.

"இங்கே இருப்பதிலேயே மிக நல்லது" என்றேன். "போல்ட் மட்டும் இதனுடையது இல்லை."

அவர் எண்களைப் பார்த்தார். "பாகுஸ்" என்றார். பிறகு சவரிமுத்து அண்ணனைப் பார்த்து, மிக மென்மையாக, "இதனுடையது எங்கே?" என்று கேட்டார்.

அண்ணன் தொலைந்துவிட்டது என்றார். அதையே திரும்பச் சொன்னார். சிப்பாய் ஒருவன் அவர் வலது கையை மேசைமேல் வைத்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அந்த ஜெர்மன் ரைபிளையே எடுத்து ஓங்கினான். அதிகாரி அவனைத் தடுத்தார். ரைபிளை வாங்கிப் பத்திரமாகத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, குவியலில் கட்டை பிளந்து கிடந்த ஒரு பழைய ஒற்றைக்குழலைக் கைகாட்டினார். அதனால் அடித்தார்கள். நல்லதை ஒதுக்கி மட்டமானதைத் தேர்ந்த அந்தக் கையசைவை நான் இன்னும் மறக்கவில்லை. அதற்காகத்தான் நானே அன்று காலை முழுதும் தரம் பிரித்து வைத்திருந்தேன்.

அண்ணன் கடைசிவரை இடத்தைச் சொல்லவில்லை. செய்தி கேட்டு ஆரோக்கியம் அண்ணிதான் மதியத்துக்குமேல் ஓடிவந்தார். கையில் ஒரு பால்டின். தேங்காயெண்ணெய் நிரப்பி, அதற்குள் போல்ட்டை அமிழ்த்தி, மரவள்ளிப் பாத்தியில் புதைத்து வைத்திருந்திருக்கிறார்கள். மேனியெல்லாம் மண். டின்னை மேசையில் வைத்துவிட்டு அதிகாரியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"இதானே வேணும்? நம்பரு சரியா இருக்கா பாருங்க."

நான் பார்த்தேன். சரியாக இருந்தது. அதையும் சொன்னேன்.

அதிகாரி அண்ணி கொண்டுவந்த போல்ட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, அதுவரை ரைபிளில் இருந்த பங்களா போல்ட்டை, "உனக்கு" என்று என்னிடம் கொடுத்தார். என் வேலைக்குப் பரிசுபோல. அதை வாங்கி வீட்டு மேசை இழுப்பறையில் போட்டேன். அண்ணனை உள்ளே வைத்திருந்தார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது அவர் பெயர்தான் முதலில் போயிற்று. ஒருநாள் அதிகாரி பன்றி வேட்டைக்குப் போய்வந்து எனக்கு ஒரு தொடைக்கறி அனுப்பினார். அந்த ரைபிளால் சுட்டது. வீட்டில் எல்லாரும் பசியில் இருந்தோம். நானும் சாப்பிட்டேன்.

சண்டை முடிந்து வெள்ளைக்காரர்கள் திரும்பியதும், துப்பாக்கி தெரிந்தவன் என்று மறுபடியும் என்னையே கூப்பிட்டார்கள். அதே தாழ்வாரம். ஜப்பான்காரர்கள் விட்டுப்போன குவியலில் அந்த ரைபிள் இருந்தது. எண்ணெய் போட்டு, குழல் வாயைத் துணியால் அடைத்து, மிக நன்றாக வைத்திருந்தார் அந்த அதிகாரி. அதையும் சொல்லியாக வேண்டும். பழைய உரிமையாளர் இன்னார் என்று சொல்லி, பல நாள் அலைந்து, அதை விடுவித்தேன். சவரிமுத்து அண்ணன் உயிரோடு திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். சைக்கிளில் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன்.

லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். பாதி ஆளாக இருந்தார். வலது கை ஆட்காட்டி விரல் மடங்காமல் நீட்டிக்கொண்டு நின்றது.

"யாரு, துப்பாக்கிக்கடைத் தம்பியா? செத்துருப்பேன்னு நெனச்சியா?"

"இல்ல அண்ணே. உங்க ரைபிள். கொண்டாந்திருக்கேன். போல்ட்டு நம்பரும்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். இருமல் வந்துவிட்டது. "இன்னமும் நம்பரு பாத்துட்டுத்தான் வந்திருக்கான் பாரு."

"என்னை மன்னிச்சிடுங்க அண்ணே."

"அன்னைக்கு நான் தலைய ஆட்டுனேனே, பாத்தியா?"

"பாத்தேன்."

"பாக்கலன்னு சொல்லியிருந்தா இத வச்சே மண்டையில போட்டிருப்பேன்" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை.

உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. "அந்தச் சனியன வூட்டுக்குள்ள கொண்டாராதீங்க."

அண்ணன் ரைபிளை மடியில் வைத்து, இடது கையால் போல்ட்டை இழுத்து உருவினார். அதை என்னிடம் நீட்டினார். "பாதி என்கிட்ட இருக்கட்டும், பாதி ஒன்கிட்ட. ரெண்டும் ஒரே எடத்துல இருந்தாத்தானே ஆபத்து? வருசாவருசம் லைசென்ஸ் புதுப்பிக்க ஸ்டேசன்ல முழுசாக் காட்டணும். நீ வரணும். வரலன்னா என் லைசென்ஸ் போயிரும்."

போனேன். கடையைத் தவுக்கே மறுபடி திறந்து, நான் மறுபடி வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமாகி, கடையில் மூத்தவனாகி, எத்தனையோ மாறியபோதும் அந்த ஒரு நாள் மாறவில்லை. அவர் பஸ்ஸில் ரைபிளோடு வருவார். நான் சட்டைப் பையில் போல்ட்டோடு நிற்பேன். நிலையத்தில் பொருத்திக் காட்டுவோம். "என்னய்யா இது, புருசன் ஒரு ஊரு பொண்டாட்டி ஒரு ஊரு மாதிரி?" என்று ஒரு தமிழ் சார்ஜன்ட் கேலி செய்வார். கம்யூனிஸ்ட் கலகம் நடந்த வருடங்களில் போலீசாருக்கே இந்த ஏற்பாடு பிடித்துப்போயிற்று, ரைபிளை யாராவது காட்டுக்குத் தூக்கிப் போனாலும் சுடாதே என்று. காட்டி முடித்ததும் அண்ணன் போல்ட்டை உருவி என் கையில் கொடுப்பார். பிறகு எதிரில் காப்பிக்கடை. பன்றிக் கதைகள். நான் செத்தாலும் கேட்க ஆசைப்படும் கதைகள் அவை. ஆனால் அவர் வீட்டுக்கு நான் போன போதெல்லாம் அண்ணி ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை. என் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விடுவார்.

அந்த ரைபிள் பிறகு ஒருமுறைகூடச் சுடவில்லை. விரல் மடங்காது. தோட்டாவும் வருவதில்லை. தவுக்கே சொன்னது அதுதான். நம் நாட்டில் துப்பாக்கி கைமாறினாலும் லைசென்ஸ் கூடவே போகாது. லைசென்ஸ் இல்லாதவர் வாங்கமாட்டார், தோட்டா கிடைக்காததை யாரும் வாங்கமாட்டார்கள். அதனால் விலை நிற்குமா என்று கேட்பவருக்கு என் பதில், வேட்டைக்கு வாங்குங்கள், விற்பதற்கு வாங்காதீர்கள். இருந்தும், பினாங்கிலிருந்து பழைய துப்பாக்கி சேகரிக்கும் ஒருவர் வந்து, எண் ஒத்த ஜெர்மன் ரைபிள் என்று கேட்டு நல்ல விலை சொன்னார். அண்ணன் வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்த காலம். "வித்துடுங்க அண்ணே" என்றேன்.

"வித்தா நீ வரமாட்ட" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

நான் ஓய்வு பெற்றதற்கு அடுத்த வருடம் அவர் இறந்தார். சவப்பெட்டியை மூடுமுன் அண்ணியிடம் போய், போல்ட்டை உள்ளே வைக்கலாமா என்று கேட்டேன். அவர் போல்ட்டை வாங்கி முந்தானையால் துடைத்தார். "வச்சிடுங்க. எடுத்துக்கிட்டுப் போவட்டும்" என்றார். மடங்காத விரலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

உரிமையாளர் இறந்தால் துப்பாக்கியை நிலையத்தில் ஒப்படைக்கவேண்டும். வயதான அண்ணி தனியாக ரைபிளோடு எப்படிப் போவார்? நான் கூடப் போய், வீடுவரை கொண்டுவந்து விடுவதாகச் சொன்னேன். போகுமுன் மேசை இழுப்பறையைத் திறந்து, அந்தப் பங்களா போல்ட்டை எடுத்துத் துருவைத் தேய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மேசைக்குப் பின்னால் ஓர் இளம் போலீஸ்காரர் இருந்தார், நம் பிள்ளைதான். ரைபிளின் எண்ணை லைசென்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்தார். நான் போல்ட்டைப் பொருத்தினேன். துப்பாக்கிக் கடையில் இருந்தவன் என்று என்னை அவருக்குத் தெரியும்.

"போல்ட் இதோடதுதானே அங்கிள்? நம்பர் எல்லாம் ஒத்திருக்குல்ல?"

அண்ணி என் பக்கத்தில் நின்றார். என் தொழிலில் ஒரு துப்பாக்கியைப் பற்றி நான் பொய் சொன்னதே இல்லை. அது உருக்குவதற்குப் போகிற ரைபிள், இனி யாரும் அதைச் சுடப்போவதில்லை என்று தெரிந்தும் என் கண் அந்த இரண்டு எண்களுக்குப் போயிற்று.

"ஒத்திருக்கு" என்றேன்.

அவர் முத்திரை குத்திக் கொடுத்தார். வெளியே வந்து பஸ் நிலையம்வரை நடந்தோம். நிழலில் நின்றதும் அண்ணி சொன்னார்:

"பொய் சொல்ல வருது ஒனக்கு."

"வருது அண்ணி."

"அன்னைக்கு வந்திருக்கலாம்."

பஸ் வந்தது. அவர் முன்னால் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் வரும்போது உட்கார்ந்ததுபோல் பின்னிருக்கைக்குப் போக நகர்ந்தேன். அவர் பக்கத்து இருக்கையில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.